ஒண்ணுமே தர்றதில்ல, வெறும் பால்தான்

எங்கள் ஊரில் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் முதலில் கூண்டில் ஏற்றப்படுவது மீன்தான். ஒரு பக்கம் பழவேற்காடு ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் மணலில் லைட்ஹவுஸ் குப்பம். வாசலில் காய்வது மீன், சட்டியில் கொதிப்பது மீன், கொடியில் தொங்குகிற சட்டையில் வீசுவதும் மீன். ஆனால் ஒரு பிள்ளை நாலு தடவை வெளிக்குப் போய்விட்டால் போதும், "முதல்ல கவுச்சிய நிறுத்து" என்று குப்பமே தீர்ப்பு எழுதிவிடும். நண்டா, இறாலா, நேற்று வைத்த குழம்பா என்பதெல்லாம் பிறகு நடக்கிற விசாரணை. காலமெல்லாம் எங்களுக்குச் சோறு போட்டது எதுவோ, அதன்மேல்தான் எங்களுக்கு முதல் சந்தேகம்.

பால்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. பால் எங்கள் ஊர்க்காரன் இல்லை. எங்கோ பிறந்து, பாக்கெட்டுக்குள் புகுந்து, பெட்டியில் ஐஸ் போட்டு வண்டியில் வருகிற விருந்தாளி. உப்பு மண்ணில் புல்லா முளைக்கிறது, மாடு கட்டி வளர்க்க? நான் சின்னப் பையனாக இருந்தபோது பால் என்றால் டீயில் இருக்கிற நிறம், அவ்வளவுதான். வெறும் பாலை டம்ளரில் ஊற்றிக் குடிப்பவர்கள் இரண்டே ஜாதி: டிவி விளம்பரத்தில் வருகிற குழந்தைகள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நோயாளிகள். இருவருமே தெம்பாக எழுந்து ஓடுவார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. அது வெள்ளையாக வேறு இருக்கிறது. வெள்ளையாக இருப்பது தப்பு செய்யாது.

என் அக்காவின் மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. அக்காவைக் கொடுத்ததும் இதே குப்பத்தில்தான், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. மழைக்காலம் முடிகிற சமயம் பாப்பாவுக்கு வாந்தியும் பேதியும் வந்தது. அந்த வாரம் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது, இவளுக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் உப்புச் சர்க்கரைப் பொடியும் ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். வாந்தி நின்றது, பேதியும் ஏறக்குறைய நின்றது. அங்கேயே கதை முடிந்திருக்கும். ஆனால் எங்கள் மக்களுக்குப் பாசம் அதிகம்.

"புள்ள துவண்டு பூட்ச்சி, தெம்பு வரணும்" என்று அம்மா சொன்னாள். பாப்பாவையும் அக்காவையும் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். தெம்பு என்றால் பால். காலையில் பால், பதினோரு மணிக்குப் பால், மாலையில் பால் பவுடர் கரைத்து அதில் பால் பிஸ்கட்டை ஊறப்போட்டு ஒரு பால். சோறு கனம், மீன் விஷம், முட்டை சூடு, வாழைப்பழம் குளிர்ச்சி என்று மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொரு குற்றத்துக்காக ஊரைவிட்டு விலக்கிவைத்தாயிற்று.

அதோடு அம்மா குப்பத்து அம்மனிடம் போய் ஒரு ஒப்பந்தமும் போட்டுவிட்டு வந்தாள். பாப்பா தேறுகிற வரைக்கும் அவள் வாயில் கவுச்சி படாது. வெள்ளிக்கு வெள்ளி அம்மனுக்குப் பால் ஊற்றி, அதில் ஒரு டம்ளர் பிடித்துப் பாப்பாவுக்குக் கொடுப்பது. அம்மனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

கவுச்சி படாது என்றால் சும்மா படாது இல்லை. அக்கா வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்தால், கிணற்றடியில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் மகளைத் தூக்கவேண்டும் என்று உத்தரவு. என் அப்பா, எங்களுக்கு நைனா, தட்டை எடுத்துக்கொண்டு புறக்கடையில் போய், யாரோ வீட்டில் திருடியதைப்போல் மீன் தின்றார். வாசலுக்கு எதிரில் பக்கத்து வீட்டுக் காரப்பொடி மீன் கூடை கூடையாகக் காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றை மட்டும் எப்படிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவது என்று அம்மாவுக்கு வழி தெரியவில்லை.

பாப்பா தேறவில்லை. பால் குடித்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வயிறு உப்பிக்கொள்ளும். தட்டினால் உடுக்கைபோல் சத்தம் வரும். காலை மடக்கிக்கொண்டு அழுவாள், பர்ர் என்று காற்றுப் போகும், பிறகு தண்ணீராக, நுரை நுரையாகப் போவாள். புளித்த மாவு மாதிரி ஒரு வாடை. போய்ப் போய் உட்காருகிற இடமெல்லாம் சிவந்து, கழுவத் தண்ணீரை எடுத்தாலே வீறிட்டாள். காய்ச்சல் கிடையாது, இரத்தம் கிடையாது. பால் இறங்கிய வயிறு ஓய்ந்ததும் எழுந்து விளையாடப் போவாள். போய்விட்டு வந்தால் அடுத்த டம்ளர் ஆற்றி வைக்கப்பட்டிருக்கும்.

இதை நான் இப்போது வரிசையாக எழுதுகிறேன். படிக்கிற உங்களுக்கு இரண்டாவது வரியிலேயே புரிந்திருக்கும். வீட்டில் இருந்த ஒருவருக்கும் புரியவில்லை. மறைந்தா நடந்தது? டம்ளர் உள்ளே போனது, நுரை வெளியே வந்தது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பார்த்துவிட்டு, "அன்னிக்கி யாரோ நண்டுக் காலு ஒண்ணு குட்த்துட்டாங்க, அது இன்னும் உள்ள கெடக்குது" என்று பேசிக்கொண்டோம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான். அதனால் எதில் எழுத்து இருந்தாலும் என்னிடம் வரும்: கரன்ட் பில், மாத்திரை அட்டை, கல்யாணப் பத்திரிகை. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மீஞ்சூரில் ஒரு கம்பெனி லேபில் வேலை. லாக்டோஸ் என்றால் பாலில் இருக்கிற சர்க்கரை, இரண்டு சின்னச் சர்க்கரைகள் கைகோத்துக்கொண்டிருப்பது என்று பரீட்சையில் படம் போட்டு மதிப்பெண் வாங்கியவன். அந்தக் கையைப் பிரித்துவிட ஒரு குடல் வேண்டும் என்றோ, அந்தக் குடல் என் அக்கா மகளிடமும் இருக்கலாம் என்றோ பாடத்திட்டத்தில் இல்லை.

போனில் தேடினேன். போன் எனக்கு எல்லா வியாதியையும் காட்டியது, அதோடு ஒரு பால் பவுடர் விளம்பரத்தையும் காட்டியது.

நோயாளிப் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊரில் வெறுங்கையோடு வரமாட்டார்கள். மீனவன் வீட்டுக்கு மீன் கொண்டுவந்தால் மரியாதை இல்லை. கடையில் வாங்கியதாக இருக்கவேண்டும். ஆகவே பால் பவுடர், பால் பிரெட், பால் பிஸ்கட், சத்துமாவு டப்பா, பெரிய மனசுக்காரர்கள் பால்கோவா. அக்காவின் நாத்தனார் பசியாவரத்திலிருந்து படகில் பால் பாக்கெட்டை மடியில் வைத்து, திரியாமல் காப்பாற்றிக்கொண்டு வந்தாள். வந்தவர்கள் வைத்துவிட்டுப் போவதும் இல்லை. அவரவர் கொண்டுவந்ததைக் குழந்தை அவரவர் கண்முன்னால் குடிக்கவேண்டும்.

"ஒரு வாய், ஒரே வாய் எனுக்காகக் குடி கண்ணு" என்பார்கள்.

பாப்பா நல்ல பிள்ளை. எல்லாருக்காகவும் ஒரு வாய் குடித்தாள். இத்தனை பேர் வந்து பார்த்தும் பிள்ளை தேறவில்லையே என்று எல்லாரும் வருத்தப்பட்டார்கள்.

பஜாரில் ஒரு டாக்டர் ஊசி போட்டார். எதற்கு என்று கேட்டேன். கேட்கிறவனைப் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தார். சிவப்பு மருந்து ஒன்று எழுதிக்கொடுத்து, "பால்ல கலந்து குடுங்க" என்றார். நல்லவேளை, மருந்தும் பாலும் வழி தவறாமல் சேர்ந்தே போய்ச் சேர்ந்தன.

ஒருநாள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, வாசல் மணலில் பாப்பாவின் கொலுசு கிடந்தது. கொக்கி திறக்கவில்லை. கொக்கி மாட்டியது மாட்டியபடியே, காலிலிருந்து நழுவி விழுந்திருந்தது. அக்கா அதை எடுத்துத் திரும்ப மாட்டிவிட்டாள். அவள் எழுந்து இரண்டடி நடந்தாள், அது மறுபடி விழுந்தது. அக்கா அதை இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை எனக்கு இருந்தது பயம் இல்லை, பேஜார் மட்டும்தான்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு, அக்காவையும் பாப்பாவையும் பஸ்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குழந்தைகள் டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். முன்னால் பெரிய வரிசை. அவர் கண்ணில் முந்தின நாள் தூக்கம் பாக்கி இருந்தது. பாப்பாவை எடைபோடச் சொன்னார், வயிற்றைத் தட்டினார், நாக்கைப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார். நான் கெமிஸ்ட்ரி படித்தவன் என்ற தகவலை எப்படியாவது உள்ளே நுழைத்துவிட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சாப்பிட என்னம்மா குடுக்கறீங்க?"

அக்கா பெருமையாகவே சொன்னாள். "ஒண்ணுமே தர்றதில்ல மேடம். கவுச்சி, முட்டை, கொழம்பு, எதுவும் கண்ணுல காட்டறதில்ல. வெறும் பால்தான்."

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார். "எத்தனை டம்ளர்?"

அக்கா யோசித்துக்கொண்டே போனாள். வந்தவர்கள் கொடுத்ததைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவளுக்குச் சந்தேகம்.

பிறகு டாக்டர் விளக்கினார். பேதி வந்தபோது குடலின் உள்தோல் அரிபட்டுப்போகும். பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கிற சரக்கு அந்தத் தோலின் நுனியில்தான் இருக்கிறது. தோலோடு அதுவும் போய்விட்டது. செரிக்காத சர்க்கரை கீழே இறங்கிப் புளிக்கிறது. அதனால்தான் காற்று, நுரை, தண்ணீர், சிவப்பு. பிள்ளைக்கு ஆயுசுக்கும் பால் ஆகாது என்று இல்லை, தோல் திரும்ப முளைக்க அவகாசம் வேண்டும். கொஞ்ச வாரம் பால், பால் பவுடர், பால் போட்ட பிஸ்கட், பால்கோவா எல்லாவற்றையும் நிறுத்துங்கள். புளித்த தயிர் கொஞ்சம் தாங்கினால் தாங்கட்டும். சோறு, பருப்பு, முட்டை, வாழைப்பழம், எண்ணெய் ஒரு சொட்டு கூடவே போடலாம்.

"மீன் குடுக்கலாமா?" என்று நான் கேட்டேன். அக்கா என்னைக் கிள்ளினாள்.

"நீங்க எந்த ஊரு?"

சொன்னேன். டாக்டர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "அப்புறம் ஏன் கேக்கறீங்க? தாராளமா குடுங்க. நெத்திலி மாதிரி முள்ளோட மெல்லுற சின்ன மீனை நல்லா வேகவெச்சு மசிச்சுக் குடுங்க. பால்ல கெடைக்கிற சுண்ணாம்புச் சத்து அந்த முள்ளுலயே இருக்கு. கேழ்வரகு, கீரையும் குடுங்க."

மலத்தில் இரத்தம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒன்றுக்குப் போவது குறைந்தாலோ, பால் நிறுத்தியும் நிற்காவிட்டாலோ உடனே வரவேண்டும் என்றார். பால் குடித்ததும் முகம் வீங்குவது, உடம்பு தடிப்பது, மூச்சு இரைப்பது இருக்கிறதா என்றும் கேட்டார். அது இருந்தால் அலர்ஜி, வேறு சமாசாரம், அதற்கு வேறு வைத்தியம். இவளுக்கு அது இல்லை. எழுந்திருக்கும்போது, "ஊர்ல கைக்கொழந்தைக்குப் பேதின்னா இதைக் கேட்டுட்டுத் தாய்ப்பாலை நிறுத்திடப் போறீங்க. அதை மட்டும் யாரும் நிறுத்தக் கூடாது" என்று அக்காவிடம் அழுத்திச் சொன்னார். எங்கள் ஊரைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை, பாட்டில் இல்லை. சிவந்த இடத்துக்குப் பூச ஒரு களிம்பு மட்டும். பஸ்ஸில் அக்கா, "இவங்க நெஜமாவே டாக்டர்தானா?" என்று கேட்டாள்.

வீட்டில் இதைச் சொன்னதும் எழுந்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். பாலை நிறுத்திவிட்டு மீன் கொடுக்கச் சொல்லும் டாக்டர். அக்கா வீட்டுக்காரர், "அந்தம்மாவுக்கு நம்மூர்ல கல்யாணம் பண்ணி வெச்சிட்லாம்" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

"அவங்களுக்கு இன்னா, சொல்லிட்டுப் பூடுவாங்க. நான் ஆத்தாகிட்ட வாய் வுட்டுட்டு வந்துகீறேன். தேறுற வரைக்கும் கவுச்சி கெடையாது. வெள்ளிக்கிழமை பால் உண்டு."

நிலைமையைப் பாருங்கள். பால் நின்றால்தான் பிள்ளை தேறும். பிள்ளை தேறினால்தான் பால் நிற்கும். மீன் தின்றால் உடம்பு ஏறும். உடம்பு ஏறினால்தான் மீன். அம்மனும் டாக்டரும் ஆளுக்கொரு பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, நடுவில் கொலுசு நிற்காத ஒரு கால். குடல், தோல், சர்க்கரை என்று நான் அம்மாவுக்குப் பாடம் எடுத்தேன். நான் பேசி முடிக்கும்வரை அம்மா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நீ நாஷ்டா துன்னியா?" என்றாள்.

அக்கா வேறு வழி பார்த்தாள். அன்றிலிருந்து பாப்பாவுக்குச் சோறும் பருப்பும் மசித்து ஊட்டினாள். பாலைப்பற்றி அம்மா கேட்டபோதெல்லாம், "குட்த்துட்டேன்" என்றாள். யாருக்குக் கொடுத்தாள் என்று அம்மா கேட்கவில்லை. பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்ததையெல்லாம் டீயாகப் போட்டு அவர்களுக்கே கொடுத்தாள். அவரவர் பாலை அவரவர் குடித்து, "டீ சூப்பர்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. கோவிலில் டீயெல்லாம் போட முடியாது. பூசாரி என்பவரும் கடலுக்குப் போகிறவர்தான். வெள்ளிக்கிழமை மட்டும் வலையை விட்டுவிட்டு விபூதியைப் பிடிப்பார். அம்மனுக்கு ஊற்றி, கீழே பித்தளைச் சொம்பில் பிடித்து, ஒரு டம்ளர் நிறைய நீட்டினார். அம்மா பாப்பாவை முன்னால் தள்ளினாள். பாப்பா வழக்கம்போல் எனக்காக ஒரு வாய், உனக்காக ஒரு வாய் என்று வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

அக்கா டம்ளரை வாங்கி, முக்காடு போட்டுக்கொண்டு, அம்மனைப் பார்த்து நின்று, மடமடவென்று தானே குடித்துவிட்டாள். ஒரு சொட்டு இல்லாமல்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரி என்னைப் பார்த்தார், படித்தவன் ஏதாவது சொல்லுவான் என்று. நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "எம் புள்ளைக்கு வந்த பாலு, நான் குடிச்சிட்டேன். கொறை இருந்தா எனுக்கு வரட்டும். அதுக்கு வராது."

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "பெத்தவ குடிச்சா புள்ள குடிச்ச மாதிரிதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குக் குங்குமம் கொடுக்கப் போனார். எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை இருந்தது.

வழியெல்லாம் அம்மா எங்களுக்குப் பத்தடி முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ஆனால் மறுநாள் காலை பாப்பா வெளிக்குப் போனபோது அம்மாதான் கழுவிவிடப் போனாள். போனவள் அங்கேயே நின்றுகொண்டு எல்லாரையும் கூப்பிட்டாள். நுரை இல்லை, தண்ணீர் இல்லை. பாப்பாவின் கழிவைப் பார்க்க நைனா முதற்கொண்டு குடும்பமே கூடி நின்றது. பால் நின்று சில நாள் ஆகியிருந்ததை அங்கே ஞாபகப்படுத்த எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஆத்தா கண் தொறந்துட்டா" என்றாள் அம்மா. "நேத்து பால் ஊத்தினோம், இன்னிக்குத் தேறிட்டா. வேண்டுதல் முட்ஞ்சிது." பிறகு நைனாவிடம் திரும்பி, "நின்னுகினு இன்னா பாக்கிற, போயி நெத்திலி இன்னா வந்துகீதுன்னு பாரு" என்றாள்.

இப்படியாக மீன் விடுதலையானது. பால்மேல் கடைசிவரை வழக்குகூடப் போடப்படவில்லை. புகழ் மொத்தமும் அம்மனுக்குப் போனது. எனக்கு அதில் ஆட்சேபனை இல்லை. அம்மன் மற்றவர்களைப்போல் ஒரு வாய் குடி என்று யாரையும் வற்புறுத்தியதில்லை. நெத்திலியை அம்மாவே காரமில்லாமல் வேகவைத்து, சோற்றோடு நசுக்கி நசுக்கி, விரலில் முள் தட்டுப்படாத பதத்துக்குக் கொண்டுவந்து ஊட்டினாள். பாப்பா ஊட்டுகிற கையைக் கடித்தாள். அவ்வளவு அவசரம்.

நடுவில் ஒரு சறுக்கல். எதிர்வீட்டு அத்தை, சந்தில் விளையாடிய பிள்ளையைக் கூப்பிட்டுச் சத்துமாவுப் பானம் கரைத்துக் கொடுத்துவிட்டாள். "அது பால் இல்லியே, பவுடர்தானே" என்பது அவள் வாதம். சாயங்காலம் வயிறு பழையபடி உப்பியது. நான் டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருந்த பால்பொடி என்கிற வார்த்தையைப் படித்துக் காட்டினேன். என் படிப்பு அந்தக் குடும்பத்துக்கு நேரடியாகப் பயன்பட்டது அந்த ஒரு வார்த்தையில்தான். அதன்பிறகு அக்கா எந்த டப்பா வந்தாலும் முதலில் என்னிடம் நீட்டினாள். நான் பொடி எழுத்துகளைப் படித்தேன்.

சில வாரம் போனது. பாப்பா மறுபடி குண்டானாள், மறுபடி அடம் பிடித்தாள், மறுபடி திட்டு வாங்கினாள். டாக்டரிடம் காட்டியபோது, இனி கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைப் பழக்கிப் பாருங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு கொடுங்கள் என்றார். தயிர் முதலில் தாங்கியது. பிறகு சோற்றில் இரண்டு கரண்டி பால். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி தின்ற கையோடு கால் டம்ளர்.

குடித்துவிட்டு அவள் மணலுக்கு ஓடிப்போனாள். நாங்கள் ஆளுக்கொரு வேலையில் இருப்பதாகக் காட்டிக்கொண்டோம். நைனா ஏற்கெனவே தைத்து முடித்த வலையைத் தைத்தார். அக்கா வீட்டுக்காரர் கடலைப் பார்த்தார். அம்மா உதட்டுக்குள் அம்மனோடு புதிதாக ஏதோ பேரம் பேச ஆரம்பித்ததைப் பார்த்து, "எம்மா, இந்த வாட்டி ஒண்ணும் வேண்டிக்காத" என்றாள் அக்கா.

வெயில் ஏறியது. அக்காவுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை. வெளியே போய், ஓடிக்கொண்டிருந்தவளை மடக்கிப் பிடித்து, சட்டையைத் தூக்கி வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். பாப்பா கூச்சத்தில் நெளிந்தாள். "வுடும்மா, என் ஆட்டம்" என்று கையைத் தட்டிவிட்டு ஓடினாள். அக்கா அந்த உள்ளங்கையை மடக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே வந்து, "மெத்துன்னு கீது" என்றாள்.